தொடக்கப் பள்ளியும் கல்விச் சுற்றுலாவும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. பிள்ளைகளை வகுப்பறைக்கு வெளியே அழைத்துச் சென்று உலகத்தை நேரில் காட்ட வேண்டும் என்று கல்வியாளர்கள் காலந்தோறும் கூறிவருவது இதனால்தான். 1901இல் சாந்திநிகேதனத்தில் பள்ளி தொடங்கிய தாகூர் மரநிழலையே வகுப்பறை ஆக்கினார். 1937இல் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலின் வழியாகவே அறிவைப் புகட்ட வேண்டும் என்றது. பள்ளி அறிவைப் பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்க்கையோடு இணைக்க வேண்டும் என்பதை 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டமும் வற்புறுத்துகிறது.

இக்கருத்தில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிச் சென்று ஓரிடத்தில் இறக்கிவிட்ட அளவிலேயே சுரைக்காய் கறிக்கு உதவிவிடுமா? உதவாது என்பதை நான் பட்டறிந்தவன்.

இக்கல்லூரியில் வரலாறு கற்பிக்க வருவதற்கு முன், புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் தொடக்கப் பள்ளியில் சில ஆண்டுகள் ஆசிரியராக இருந்தேன். இங்குப் பட்டம் பெறும் மாணவ மாணவியருள் பலர் கல்வியியல் பயின்று ஆசிரியப் பணிக்குச் செல்கின்றனர். நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் ஊர்ப் பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்லும் வாய்ப்பும் உங்களுக்குக் கிடைக்கிறது. நான் செய்த பிழைகளை நீங்களும் செய்யாதிருக்கும் பொருட்டே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

நான் செய்த பிழை

1996ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் எங்கள் பள்ளியிலிருந்து முதன்முதலாக ஒரு சுற்றுலாவுக்கு ஏற்பாடு செய்தேன். மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 57 பேர். தலைக்கு அறுபது ரூபாய் கட்டணம். புதுக்கோட்டை அருங்காட்சியகம், திருமயம் கோட்டை, குடுமியான்மலை, நார்த்தாமலை, சித்தன்னவாசல் என ஐந்து இடங்களை ஒரே நாளில் பார்த்துவிடுவது என் திட்டம். கொடுத்த காசுக்கு எவ்வளவு மிகுதியாகக் காட்டுகிறோமோ அவ்வளவு நல்லது என்றே எண்ணியிருந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை பிள்ளைகள் களைப்பாறலாம் என்பதற்காக வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தோம். அருங்காட்சியக வாசலில் போய் நின்றபோதுதான் அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பது எனக்குத் தெரிந்தது. 1910ஆம் ஆண்டு முதல் திருக்கோகர்ணத்தில் இருந்துவரும் அருங்காட்சியகம் அது. பேருந்தில் அரை மணி நேரத் தொலைவில் வாழ்ந்த நான், ஒரு முறை நேரில் சென்று விசாரிக்காத குற்றம் என்னுடையதே.

திருமயத்தில் கோட்டையிலிருந்து இறங்கி வந்தபின் எண்ணிப் பார்த்தோம். 52 பேர் இருக்க வேண்டிய இடத்தில் 51 பேரே இருந்தனர். செங்குத்தான பாறை; சுற்றிலும் மதில். தலைமையாசிரியரும் நானும் அரை மணி நேரம் பாறை இடுக்கெல்லாம் பெயர் சொல்லிக் கூவித் தேடினோம். அந்த அரை மணி நேரத்தில் என் நெஞ்சு பட்ட பாட்டை இன்று நினைத்தாலும் உடல் சிலிர்க்கிறது. கடைசியில், மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் பேருந்தின் பின்னிருக்கைக்கு அடியில் உறங்கிக்கொண்டிருந்தான். அவன் கோட்டைக்கு ஏறவே இல்லை. ஏறும்போது நாங்கள் எண்ணாததால் அது எங்களுக்குத் தெரியவில்லை.

சித்தன்னவாசலை அடைந்தபோது மாலையாகிவிட்டது. காவலர் கதவைப் பூட்டும் நேரம் நெருங்கியிருந்தது. சிறிய குடைவரை மண்டபத்தில் பிள்ளைகள் அனைவரும் ஒருவரை ஒருவர் நெருக்கிக்கொண்டு நின்றனர். நானோ, என் படிப்பைக் காட்டும் ஆவலில், இவ்வோவியங்கள் பல்லவர் காலத்தனவா பாண்டியர் காலத்தனவா என்ற ஆராய்ச்சியை விரித்துரைத்தேன். எட்டு வயதுக் குழந்தைக்கு அதனால் ஆவதென்ன?

நான் குறிப்பிட்ட 57 பேரில் 52 பேரே வந்தனர். ஐவர் வரவில்லை. அவர்களில் மூவர் ஒரே வீட்டுப் பிள்ளைகள். மூவருக்கும் சேர்த்து நூற்றெண்பது ரூபாய் கட்ட அவர்கள் பெற்றோரால் இயலவில்லை. அம்மூவரில் ஒரு சிறுமி என் நான்காம் வகுப்பில் படித்தாள். திங்கட்கிழமை காலையில் அவள் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கேட்டுக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

“சித்தன்னவாசல்ல என்ன இருந்துச்சு?”

“மலை இருந்துச்சு.”

“அப்புறம்?”

“எறங்கி வந்துட்டோம்.”

அன்று, ‘சுற்றுலாவில் நான் கண்டவை’ என்று எழுதச் சொன்னேன். பேருந்தில் பாடியது, வழியில் வாந்தி எடுத்தது, கடையில் ஐஸ் வாங்கித் தின்றது ஆகியவற்றையே பெரும்பாலோர் எழுதியிருந்தனர். அவர்கள் மேல் குற்றமில்லை. அன்று அவர்கள் உண்மையில் கண்டவை அவையே. போகாத பிள்ளை கேட்ட எளிய கேள்விக்குப் போன பிள்ளைகளில் ஒருவராலும் விடை சொல்ல முடியவில்லை. போனவர்களுக்கும் பயனில்லை, போகாதவர்களுக்கோ மனக்குறை. இதற்குக் கல்விச் சுற்றுலா என்று பெயரிடுவது பொருந்துமா என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன்.

முதலில் வினா, பிறகு இடம்

சுற்றுலாவைப் பற்றிப் பேசத் தொடங்கும்போது, “எங்கே போகலாம்?” என்றே நாம் கேட்கிறோம். இதுவே முதல் தவறு. “எதைத் தெரிந்துகொள்ளப் போகிறோம்?” என்பதே முதல் வினாவாக இருத்தல் வேண்டும். வினா ஒன்று அமைந்துவிட்டால் அதற்குரிய இடம் தானே புலப்படும். பயணத்திற்கு ஒரு வினா போதும். அவ்வினா பிள்ளையின் வாயில் நுழையக்கூடியதாக இருக்க வேண்டும்.

நாம் போடும் கடிதம் எப்படி வீடு சேருகிறது என்று கேட்டால், அதற்குரிய இடம் அஞ்சலகம். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டு முகவரிக்கு ஓர் அஞ்சலட்டை எழுதித் தன் கையாலேயே பெட்டியில் போட்டு, அது வந்து சேர எத்தனை நாளாகிறது என்று எண்ணிக் குறித்தால், அதைவிடச் சிறந்த பாடம் இல்லை. எந்தக் காய் எந்த ஊரிலிருந்து வருகிறது என்று கேட்டால், வாரச் சந்தைக்குப் போகலாம். மண் எப்படிப் பானையாகிறது என்று கேட்டால், குயவர் வீட்டுத் திருகையே பள்ளிக்கூடம். இவற்றுக்கெல்லாம் பெரும் பணமோ நெடும் பயணமோ தேவையில்லை.

மறு ஆண்டு, அதாவது 1997இல், நான் எடுத்துக்கொண்ட வினா இது: “ஒரு குளத்தில் என்னென்ன இருக்கும்?” நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 31 பேரை மட்டும் அழைத்துச் செல்வதென்று முடிவு செய்தேன். ஒன்று, இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்குப் பள்ளியிலிருந்து அரை மணி நேரம் நடந்து போய்த் திரும்பும் தொலைவே போதுமானது. மூன்றாம் வகுப்புக்குத் தன் ஊர் முழுவதும். அதற்கு மேற்பட்டவர்களுக்கே வண்டிப் பயணம் ஏற்றது என்பது என் கருத்து.

அண்மையிலிருந்து சேய்மைக்கு

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல் என்பது ஆசிரியப் பயிற்சியில் நாம் படிக்கும் விதி. அவ்விதி சுற்றுலாவுக்கும் பொருந்தும். எனவே அவ்வாண்டு ஒரு பயணத்தை இரண்டாகப் பகுத்தேன். முதற்பயணம் எங்கள் ஊர்க் கண்மாய்க்கு. இரண்டு வாரம் கழித்து இரண்டாம் பயணம் சித்தன்னவாசல் ஓவியக் குளத்திற்கு. தன் ஊர்க் குளத்தை உற்றுப் பார்த்த கண்ணுக்கே ஓவியக் குளம் புலப்படும் என்று நம்பினேன்.

புதுக்கோட்டைச் சீமை வானம் பார்த்த பூமி. பேராற்றுப் பாசனம் பெரிதும் இல்லாத இம்மண்ணில், மழைநீரைத் தேக்கிவைக்க முன்னோர் ஆயிரக்கணக்கான கண்மாய்களை வெட்டிவைத்தனர். எங்கள் பிள்ளைகள் அன்றாடம் பார்ப்பது கண்மாய், குளிப்பதும் அங்கேதான். “தெனமும் பாக்கிற கம்மாயை ஏன் சார் போய்ப் பாக்கணும்?” என்று ஒரு பையன் கேட்டான். “அதில் எத்தனை வகைப் பறவை வருகிறது?” என்று நான் திருப்பிக் கேட்டேன். அவன் விழித்தான். அன்றாடம் பார்ப்பது வேறு, கவனித்துப் பார்ப்பது வேறு என்று அவனுக்கு விளங்கிவிட்டது.

கண்மாய்க் கரையில்

மாசி மாதம் ஒரு நாள் காலை ஒன்பதரை மணிக்குப் பள்ளியிலிருந்து நடந்து புறப்பட்டோம். வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிய கண்மாய் அப்போது பாதியாக வற்றியிருக்கும் என்பதால் மாசியைத் தேர்ந்தெடுத்தேன். நீர் இறங்கினால்தான் குமிழித் தூம்பை நன்றாகப் பார்க்க முடியும்.

குமிழி என்பது கண்மாயிலிருந்து நீரை வெளியேற்ற முன்னோர் அமைத்த கல் மடை. கரையிலிருந்து சற்றுத் தள்ளி, கண்மாயின் உட்புறத்தில் இரண்டு கற்றூண்கள் நிற்கும். குறுக்குக் கற்கள் அவற்றை இணைத்திருக்கும். தூண்களுக்கு அடியில் கல்லாலான ஒரு தொட்டி இருக்கும். அத்தொட்டியின் மேல்மூடியில் உள்ள பெரிய துளைக்கு நீரோடித் துளை என்று பெயர். தொட்டியின் பக்கத்தில் தரையை ஒட்டி இருக்கும் சிறு துளைகள் சேறோடித் துளைகள் எனப்படும். நீரோடியை அடைத்திருக்கும் கல்லை உயர்த்தினால் மேல்நீர் தொட்டிக்குள் இறங்கி, கரைக்கு அடியில் செல்லும் கால் வழியாக வயலை அடையும். அந்நீர் ஓடும் விசையில், அடியில் படிந்த சேறும் சேறோடி வழியே இழுக்கப்பட்டு உடன் வெளியேறும். நீர் பாய்ச்சும்போதே தூரும் ஓரளவு அகலுகிறது. இத்தகைய குமிழிகள் எங்கள் மாவட்டத்தில் பல உள்ளன. சிலவற்றின் தூண்களில் பழைய கல்வெட்டுகளும் உண்டு.

இதை நான் விளக்கவில்லை. மடை திறந்து நீர் பாய்ச்சிவந்த ஊர்ப் பெரியவர் ஒருவரை முன்கூட்டியே கேட்டு வரவழைத்திருந்தேன். முழு நீரில் மூச்சடக்கி மூழ்கிக் குமிழியைத் திறந்த நாட்களை அவர் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் வாய் மூடாமல் கேட்டனர். “தாத்தா, உள்ள இருட்டா இருக்குமா?” “கல்லு கையில வருமா?” “பயமா இருக்காதா?” எனக் கேள்விகள் ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்தன. எனக்கு ஒரு கேள்வியும் வந்திராது. ஊரில் வேலை தெரிந்தவர்களை ஆசிரியராக்குங்கள் என்பது அன்று நான் கற்ற பாடம். அப்பெரியவருக்கு அது பெருமை. அவருடைய பேரப்பிள்ளைக்கு அதைவிடப் பெருமை.

பிள்ளைகள் இருவர் இருவராக அமர்ந்து, கண்டவற்றைத் தம் தாளில் குறித்துக்கொண்டனர். கொக்கு, நாரை, முக்குளிப்பான், மீன்கொத்தி, தவளை, நீர்ப்பாம்பு, எருமை, அல்லி, துணி துவைப்பவர், தண்ணீர் எடுப்பவர் எனப் பட்டியல் நீண்டது. எவரும் நீரில் இறங்கக் கூடாது என்பது மட்டும் கண்டிப்பான விதி. பதினொன்றரை மணிக்குப் பள்ளி திரும்பினோம். செலவு ஒரு காசும் இல்லை.

முன்சென்று பார்த்தல்

இரண்டாம் பயணத்திற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் பேருந்தேறிச் சித்தன்னவாசலுக்குச் சென்றேன். பிள்ளைகளை அழைத்துச் செல்லும் ஆசிரியர், தாம் முன்பு எத்தனை முறை அவ்விடத்தைப் பார்த்திருந்தாலும், இப்பயணத்திற்கென ஒரு முறை தனியே சென்றுவருதல் வேண்டும். திறக்கும் நேரம், விடுமுறை நாள், குடிநீர், கழிப்பிடம், நிழல், வண்டி நிற்கும் இடம், வழுக்கும் பாறை, தேன்கூடு தொங்கும் இடுக்கு ஆகிய அனைத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். அத்துடன், குழந்தையின் உயரத்திற்குக் குனிந்து நின்று பார்க்க வேண்டும். நமக்குத் தெரிவது அவர்களுக்குத் தெரிகிறதா என்பது அப்போதுதான் விளங்கும்.

அவ்வாறு சென்றதால் மூன்று முடிவுகள் எடுத்தேன். முதலாவது, ஏழடிப்பட்டத்திற்குப் பிள்ளைகளை ஏற்றுவதில்லை. வழவழப்பான கற்படுக்கைகள் பதினேழும் பழைய தமிழி எழுத்தும் உள்ள அரிய குகைத்தளம் அது. எனினும் பாறைச் சரிவை ஒட்டிய பாதையில் சிறு பிள்ளைகளைக் கூட்டமாக அழைத்துச் செல்வது அறிவுடைமையன்று. இரண்டாவது, குடைவரை மண்டபம் சிறியது. ஒரு முறைக்கு ஆறு பிள்ளைகளுக்கு மேல் நிறுத்தினால் எவரும் எதையும் பார்க்க முடியாது. மூன்றாவது, எங்கள் பிள்ளைகளில் பலருக்குக் காலணி இல்லை. பாறை சூடேறுவதற்கு முன் முடித்துவிட வேண்டும்.

எவரையும் விடாமல்

சென்ற ஆண்டு வர இயலாத பிள்ளைகளின் முகம் என் கண்முன் நின்றது. ஆதலால் தலைக்கு இவ்வளவு என்ற கட்டண முறையையே விட்டுவிட்டேன். ஒரே ஓர் இடம், அரை நாள், இருபது கிலோமீட்டர் தொலைவு என்று சுருக்கியதால் சிற்றுந்து வாடகை அறுநூறு ரூபாயில் அடங்கியது. பெற்றோர் ஆசிரியர் கழகம் முந்நூறும், ஊரில் அரவை ஆலை வைத்திருந்தவர் இருநூறும் கொடுத்தனர். எஞ்சியதை நான் போட்டேன். மத்தியத் தொல்லியல் துறையின் கீழுள்ள இடங்களில் பதினைந்து வயதுக்குட்பட்டோருக்கு நுழைவுக் கட்டணம் இல்லை என்பது இன்று பலருக்கும் தெரியாத நல்ல செய்தி.

உணவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1982இல் சத்துணவுத் திட்டம் தொடங்கியது முதல், எத்தனையோ பிள்ளைகளுக்குப் பகலுணவு பள்ளியில்தான். வீட்டிலிருந்து சோறு கட்டிக்கொண்டு வரச் சொன்னால், கட்டிவர இயலாத பிள்ளை ஒதுங்கி நிற்கும். அல்லது அன்று காய்ச்சல் என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடும். எனவே ஒரு மணிக்குள் பள்ளி திரும்பி, எல்லாரும் வழக்கம்போல் சத்துணவே உண்பது என ஏற்பாடு செய்தோம்.

இவ்வகையில் ஒரே ஒரு விதியை உங்கள் மனத்தில் பதிக்க விரும்புகிறேன். பணம் போதாவிட்டால் தூரத்தைக் குறையுங்கள், பிள்ளைகளைக் குறைக்காதீர்கள்.

எண்ணிக்கையும் காவலும்

தலைமையாசிரியர் வழியாகக் கல்வி அலுவலரின் அனுமதியும், ஒவ்வொரு பெற்றோரின் எழுத்து வழிச் சம்மதமும் பெறுவது முதற்கடமை. முதலுதவிப் பெட்டி, குடிநீர், வாந்தி வருவோருக்கு எலுமிச்சம்பழம் ஆகியவை உடன் இருக்க வேண்டும்.

ஆறு பிள்ளைகளுக்குப் பெரியவர் ஒருவர் என ஐந்து குழுக்கள் அமைத்தேன். நான், இரண்டு தாய்மார்கள், ஓய்வுபெற்ற அஞ்சல்காரர் ஒருவர், கண்மாய்ப் பெரியவர் ஆகிய ஐவரும் குழுவுக்கு ஒருவராகப் பொறுப்பேற்றோம். குழுவுக்குள் பிள்ளைகள் இருவர் இருவராக இணைக்கப்பட்டனர். தன் இணையைக் காணவில்லையென்றால் உடனே சொல்ல வேண்டியது மற்றவர் கடமை. ஏறும்போதும் இறங்கும்போதும், ஓரிடத்தை அடைந்ததும் விட்டகன்றதும், வாய்விட்டு எண்ணினோம். திருமயத்தில் நான் தேடிய அரை மணி நேரம் கற்றுத் தந்த ஒழுங்கு இது.

சித்தன்னவாசலில்

ஒரு பையனுக்கு அம்மை போட்டிருந்ததால் முப்பது பேருடன் புறப்பட்டோம். ஒன்பது மணிக்கு மலையடியில் இருந்தோம். ஒரு குழுவை நான் மேலே அழைத்துச் செல்ல, ஏனைய குழுக்கள் மரநிழலில் மலையை வரைந்தன. பக்கத்தில் பெருங்கற்காலத்தார் இறந்தோரைப் புதைத்த கல்வட்டங்களை அஞ்சல்காரருடன் சென்று பார்த்தன. குழுவுக்குப் பத்து நிமிடமாக ஐந்து குழுவும் பார்த்து முடித்தன. காத்திருக்கும் பிள்ளைகளுக்கு வேலை கொடாத ஆசிரியர் குறும்புக்குக் கதவு திறந்து வைக்கிறார் என்பதை நினைவில் கொள்க.

மலையின் மேற்குச் சரிவில் குடையப்பட்டுள்ள அறிவர் கோயில் ஒரு சமணக் கோயில். 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இதனைப் புதுப்பித்ததாக அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. முன்மண்டபத்தின் விதானத்தில் சுண்ணச் சாந்தின் மேல் தாமரைக் குளம் ஒன்று தீட்டப்பட்டுள்ளது. சில பகுதிகள் மங்கியும் உதிர்ந்தும் போயின. எனினும் தாமரை இலைகளுக்கும் மலர்களுக்கும் இடையே மீன்கள், பறவைகள், எருமைகள், யானைகள், பூப்பறிக்கும் ஆடவர் மூவர் ஆகியோரை இன்றும் காணலாம். சமண நூல்கள் கூறும் சமவசரணத்தின் பொய்கையே இது என்பர் அறிஞர்.

இவற்றில் பெரும்பகுதியை நான் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. “ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்னால் ஒருவர் வரைந்த குளம் இது. இதில் என்னென்ன இருக்கிறது?” என்று மட்டும் கேட்டேன். தாளில் மூன்றே வினாக்கள். என்னென்ன உயிர்கள் இருக்கின்றன? பூப்பறிப்பவர் பூவை எப்படிப் பிடித்திருக்கிறார்? நம் கண்மாயில் இருந்து இதில் இல்லாதது எது?

சென்ற ஆண்டு இருபது நிமிடம் நான் பேசியும் எவரும் பார்க்காத விதானத்தை, இவ்வாண்டு நான் பேசாதிருக்கவும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றனர். “சார், எருமை நம்ம கம்மாயில கெடக்குற மாதிரியே கெடக்கு!” என்று ஒருவன் கூவினான். குமிழி இல்லை என்றான் மற்றொருவன். முந்திய ஆண்டு வராதிருந்த அச்சிறுமி இப்போது ஐந்தாம் வகுப்பு. அவள் நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “சார், நம்ம கம்மாயில தண்ணி எடுக்குறது நாங்கதான். இந்தக் கொளத்துல ஒரு பொம்பளைகூட இல்லையே?”

வரலாறு படித்த நான் அவ்வோவியத்தைப் பல முறை பார்த்திருக்கிறேன். அக்கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. “நல்ல கேள்வி. எனக்கு விடை தெரியவில்லை. நீ படித்துப் பெரியவளானதும் கண்டுபிடித்து எனக்குச் சொல்,” என்றேன். ஆசிரியருக்குத் தெரியாத ஒன்றைத் தான் கண்டுவிட்டோம் என்ற மகிழ்ச்சி அவள் முகத்தில் தெரிந்தது.

திரும்பி வந்த பின்

பேருந்து பள்ளி வாசலில் நின்றதும் சுற்றுலா முடிந்துவிடுவதில்லை. பாதிப் பயன் அதற்குப் பிறகுதான் இருக்கிறது. மறுநாள் இரண்டு பட்டியல்களையும் கரும்பலகையில் அருகருகே எழுதி ஒப்பிட்டோம். பழைய பால்பொடித் தகரம் ஒன்றில் மேலே ஒரு துளையும் பக்கத்தில் சிறு துளைகளும் இட்டு, சேற்றுநீர் நிறைந்த தொட்டியில் இறக்கி, குமிழி வேலை செய்யும் விதத்தைச் செய்து பார்த்தோம். நீர்நிலைகளைப் பற்றிய பாடத்தை அதன் பிறகே தொடங்கினேன். முந்திய ஆண்டு நான்கு நாள் எடுத்த பாடம் இரண்டே நாளில் முடிந்தது.

இன்று ஆசிரியர் ஒவ்வொருவர் கையிலும் செல்பேசி இருக்கிறது. அதனால் படம் எடுப்பதே பயணத்தின் நோக்கமாகிவிடும் இடையூறு புதிதாகச் சேர்ந்துள்ளது. வரிசையில் நிறுத்திப் படம் எடுத்து முடிக்கும் நேரத்தில் பிள்ளைகள் கண்ணால் பார்த்திருக்கலாம். ஒரு படம் போதும். எஞ்சியவற்றைப் பிள்ளைகளே தம் கையால் வரையட்டும். கோணலாக வரைந்தாலும், கோடு இழுக்க ஒரு முறை உற்றுப் பார்த்தே ஆக வேண்டும்.

முடிவாக

ஒரு சுற்றுலா வெற்றியா தோல்வியா என்று அளக்க எத்தனையோ படிவங்கள் இருக்கலாம். நான் அறிந்த அளவுகோல் ஒன்றே. போன பிள்ளை, போகாத பிள்ளைக்குச் சொல்ல முடிகிறதா? முடிந்தால் அது கல்வி. முடியாவிட்டால் அது வெறும் வண்டிச் சவாரி.

அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றியபின் அந்தப் பையன் பள்ளிக்கு வந்தான். பகலுணவு இடைவேளையில் வேப்பமரத்தடியில் அவனைச் சுற்றி நாலைந்து பேர். நடுவில் அச்சிறுமி மண்ணில் குச்சியால் கோடு கிழித்து, இங்கே யானை, இங்கே எருமை, இது பூப்பறிக்கிறவர் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். யானையைவிட அவள் எருமை பெரிதாக இருந்தது. நான் திருத்தவில்லை. அவன் ஒன்றன்பின் ஒன்றாக, “அப்புறம்?”, “அப்புறம்?” என்று கேட்டான். ஒவ்வொரு ‘அப்புற’த்திற்கும் அவளிடம் விடை இருந்தது. மணி அடித்த பின்னும் அவர்கள் எழவில்லை.

நாளை ஆசிரியராகப் போகும் மாணவ நண்பர்களே! உங்கள் பள்ளி எச்சிற்றூரில் அமைந்தாலும், அதன் பக்கத்தில் ஒரு கண்மாயோ, ஒரு சந்தையோ, ஒரு பட்டறையோ இருக்கத்தான் செய்யும். தொலைவில் உள்ள பெரிய இடங்களுக்குப் பணம் சேரட்டும் என்று காத்திராமல், அங்கிருந்து தொடங்குங்கள். ஒரு வினாவுடன் செல்லுங்கள். ஒருவரையும் விட்டுவிடாமல் அழைத்துச் செல்லுங்கள். திரும்பி வந்து, அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.